உயிருள்ள கோடு

எழுதுகோல் என்றதும் கவிஞனின் விரல்களும் நீதிமானின் தீர்ப்பும் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. மனிதன் எண்ணியதை எழுதும் பேனைகளே உலகில் மிகுதி. ஆயின், எவருடைய எண்ணத்துக்கும் கட்டுப்படாமல், எவருடைய கையையும் பற்றாமல், இரவு பகலாகத் தாமே எழுதிக்கொண்டிருந்த பேனைகளும் சில உண்டு. அவை எழுதியவை சொற்களல்ல; ஒரேயொரு கோடு. நிலம் நடுங்கியபோது அக்கோடு நடுங்கிற்று. காற்றின் அமுக்கம் தாழ்ந்தபோது அதுவும் தாழ்ந்தது. புவிநடுக்கப் பதிகருவியின் உருளைமீதும் வானிலை நிலையங்களின் உருளைகள்மீதும் ஊர்ந்த அப்பேனைகளையும், அவற்றின் முனை காயாமற் காத்து நின்ற மனிதர்களையும் பற்றிச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புவிநடுக்கப் பதிகருவியின் தத்துவம் எளியது. நிலம் அசையும்பொழுது அதனுடன் சேர்ந்து அசையாது, தன் சடத்துவத்தினாற் பின்தங்கி நிற்கும் ஒரு பாரம் வேண்டும். அப்பாரத்துக்கும் நிலத்துக்கும் இடையே தோன்றும் சிறு வேறுபாட்டைப் பெருக்கிக் காட்ட ஒரு பொறி வேண்டும். அதனை எழுதி வைக்க, சீராகச் சுழலும் ஓர் உருளையும் அதன்மேற் சுற்றிய கடதாசியும் வேண்டும். தத்துவம் எளியதாயினும் எழுதும் முனைதான் ஆரம்பந்தொட்டே அறிஞர்களை அலைக்கழித்தது. முனை கடதாசியில் உராய்கின்றது. உராய்வு, சிறிய அசைவுகளை விழுங்கிவிடுகின்றது. புகைக்கரி படிந்த கடதாசியில் ஊசியாற் கீறும் முறையைக் கையாண்ட யேர்மனிய அறிஞர் எமில் வீஹெர்ட், அந்த ஊசியின் உராய்வை வெல்லுதற்பொருட்டுக் கோட்டிங்கன் நகரில் 17 தொன் நிறையுள்ள பாரமொன்றைத் தொங்கவிட்டார். நூலளவு கோட்டை உண்மையாக எழுதுவதற்கு யானைகள் சிலவற்றின் நிறை வேண்டியிருந்தது!

யப்பானிலே சுரங்கவியலும் புவிச்சரிதவியலும் கற்பித்த ஆங்கிலேயரான ஜோன் மில்ன் வேறு வழியை நாடினார். அவரது கருவியில் ஒளிக்கதிரே பேனையாயிற்று. ஒளிபடு கடதாசியே ஏடாயிற்று. 1895இல் தாயகம் மீண்ட அவர், உலகின் பல பாகங்களிலும் தம் கருவிகளை நிறுவச்செய்தார். 1899இல் அத்தகைய கருவியொன்று கொடைக்கானல் மலையிலுள்ள வான் ஆய்வகத்தில் இயங்கத் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கொழும்பு அவதான நிலையத்துக்கும் மில்னின் கருவி வந்து சேர்ந்தது. ஆனால் ஒளியாற் பதிந்த கோட்டை, கடதாசியை இருட்டறையிற் கழுவிய பின்னரே காணலாம். நடுக்கம் நிகழும் கணத்திலேயே அதனைக் கண்ணாற் காண வேண்டின் மைப்பேனையே வேண்டும். அசைவை மின்னாக மாற்றிப் பெருக்கும் முறைகள் வளர்ந்த பின்னர், பேனையை அசைக்கும் வலிமையும் கிடைத்தது. அதன்பின் பல பதிகருவிகளின் உருளைகளில் மை ஓடலாயிற்று.

அவ்வுருளையின் அமைப்புகளுள் பெருவழக்கானது இது: உருளை 15 நிமிடங்களுக்கு ஒருமுறை சுழலும். சுழலச் சுழல உருளையோ பேனையோ பக்கவாட்டிற் சிறிது நகரும். ஆகவே, ஒன்றன்கீழ் ஒன்றாக நாளொன்றுக்கு 96 வரிகள் விழும். நிமிடத்துக்கு 60 மில்லிமீற்றர் ஓடும் கடதாசியில் ஒரு செக்கனுக்குரிய நீளம் ஒரு மில்லிமீற்றரே. நடுக்கத்தின் முதலலை வந்த கணத்துக்கும் இரண்டாம் அலை வந்த கணத்துக்கும் இடைப்பட்ட நேரத்தைக்கொண்டே அதன் தூரம் கணிக்கப்படும். அண்மையில் நிகழ்ந்த நடுக்கமாயின், ஒரு செக்கன் இடைவெளி ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் தூரத்தைக் குறிக்கும். பேனையின் முனை தேய்ந்து கோடு தடித்துப்போகுமாயின், அலை தொடங்கிய புள்ளி மைக்குள் மறைந்துவிடும். கடதாசியில் ஒரு மில்லிமீற்றர் வழு நேர்ந்தால், நிலத்தில் ஒரு கிராமத்துக்கும் அடுத்த கிராமத்துக்கும் இடையிலான தூரம் பிழைத்துவிடும். பேனைமுனையைத் துப்புரவு செய்தல் அற்பமான பணியன்று என்பதற்கு இஃதொன்றே போதிய சான்றாகும்.

மனித உடலின் பிணிகளை வாதம், பித்தம், கபம் என மூன்றாக வகுத்தது சித்த மருத்துவம். உருளைப் பேனையின் பிணிகளையும் காய்தல், அடைத்தல், கசிதல் என மூன்றாக வகுக்கலாம். இப்பேனைகளிற் பல, மயிர்த்துளைக் குழாய்களே. சிறு கிண்ணத்திலுள்ள மை குழாய்வழி ஏறித் தானாகவே முனைக்கு வரும். கிண்ணம் உரிய மட்டத்திலும் உயர்ந்திருப்பின் மை கொட்டும். தாழ்ந்திருப்பின் முனை வறளும். மையில் தூசு விழுந்தால் குழாய் அடைபடும். அப்போது மயிரினும் சற்றே தடித்த கம்பியை உட்செலுத்தி அடைப்பை நீக்க வேண்டும். கருவியைச் சில நாட்கள் நிறுத்திவைக்க நேரின், மையை முற்றாக வெளியேற்றிக் குழாயை நீராற் கழுவ வேண்டும். அன்றேல் உலர்ந்த மை கல்லாகிவிடும். எழுதாத பேனையையே அதிகம் பேண வேண்டும் என்பது இத்தொழிலின் முதற்பாடம்.

வன்னிப் பெருநிலத்திலே இத்தகைய புவிநடுக்கப் பேனை ஊர்ந்ததில்லை. ஆயினும், அதன் உடன்பிறப்புகளை வன்னி அறியும். வவுனியாவில் வானிலை அவதான நிலையம் உண்டு. அமுக்கம், வெப்பநிலை, ஈரப்பதன், மழை ஆகியவற்றை எழுதும் பழைய கருவிகளும் உருளையும் கடிகாரமும் பேனையும் கொண்டவையே. வேறுபாடு வேகத்தில் மட்டுமே உண்டு. புவிநடுக்க உருளை கால்மணிக்கொருமுறை சுழல, அமுக்கத்தை எழுதும் உருளை வாரத்துக்கொருமுறை சுழலும். அதன் பேனையோ குழாயன்று. மெல்லிய உலோகத் தகட்டை மடித்துச் செய்த சிறு தொட்டி. அதன் வயிற்றில் ஒரு துளி மை. அத்துளியே ஏழு நாட்களுக்கு உணவு.

வன்னியிலே பிறந்து, வன்னியிலேயே ஓர் அவதான நிலையத்திற் பல்லாண்டு பணியாற்றி, இன்று முதுமையில் ஓய்ந்திருக்கும் பெரியவர் ஒருவர், தம் வாழ்வின் பெரும்பகுதியை இந்த ஒரு துளி மையோடு கழித்தவர். திங்கட்கிழமை காலைகளில் அவருக்கு வேறு நினைவு இருப்பதில்லை. நெம்பினாற் பேனையை உருளையிலிருந்து மெல்ல விலக்குவார். உருளையைக் கழற்றிப் பழைய கடதாசியை எடுத்து நாளும் நேரமும் குறிப்பார். கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். புதிய கடதாசியின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியுமிடத்திலே பேனை தடக்குப்படாமல் வழுகிச் செல்லுமாறு பொருத்துவார். பின்னர் உருளையைச் சற்றே பின்னோக்கித் திருப்பி, பற்சக்கரங்களிடையுள்ள தளர்வை நீக்கி நேரத்தைச் சரிசெய்வார். பேனையை மதுசாரத்திற் கழுவி, மெல்லிய கடதாசியின் ஓரத்தை அதன் முனைப்பிளவினூடே ஒருமுறை செலுத்தி எடுப்பார். கழற்றிய முனையைத் தண்டில் மீளப் பொருத்துகையில் அதன் நீளம் முன்னிருந்த அளவிலிருந்து சிறிதும் வேறுபடலாகாது. வேறுபட்டால், கடதாசியில் அச்சிட்டுள்ள வளைகோடுகளோடு அது இசையாது, நேரம் பிழைக்கும்.

இப்பணியைக் காண அவருடைய பெறாமகன் சிறுவனாக இருந்த காலத்திலே நிலையத்துக்கு வருவதுண்டு. மைப்போத்தலில் மை நிறைய இருக்க, பேனைக்கு மட்டும் ஏன் இத்தனை சிக்கனம் என்பது அவனது ஐயம்.

“சித்தப்பா, ஏன் இவ்வளவு கொஞ்சமாய் விடுறியள்? நிறைய விட்டால் கன நாளைக்கு எழுதுமெல்லே?”

“கோடையெண்டால் பரவாயில்லைத் தம்பி. மாரிக்கு இந்த மை காத்திலை இருக்கிற ஈரத்தையும் குடிச்சுப் பெருத்துப்போகும். பிறகு கடதாசியெல்லாம் கொட்டிப்போடும். பேனைக்கும் வயித்துக்கும் முக்கால்வாசி காணும்.”

அவர் சொன்னதில் அறிவியல் உண்டு. சாதாரண மை ஒரு வாரத்துக்குள் உலர்ந்துவிடும். ஆதலால் இக்கருவிகளுக்குரிய மையிலே கிளிசரீன் கலக்கப்படும். கிளிசரீன் காற்றின் ஈரத்தை ஈர்த்து மையை உலரவிடாது தடுக்கும். அதே குணம் மாரியிலே கேடாக மாறும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் செம்மண் புழுதி பேனைமுனையை நாடும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் மையே பெருகிக் கடதாசியில் ஊறும். ஒரே பேனைக்கு ஒரே மண்ணில் இருவேறு வைத்தியம் வேண்டியிருந்தது.

அப்பெரியவர் கற்றுக்கொடுத்த பாடங்களுள் ஆழமானது வேறொன்று. அயனமண்டல நாடுகளிலே காற்றின் அமுக்கம் ஒருபோதும் அசையாது நிற்பதில்லை. நாள்தோறும் முற்பகல் 10 மணியளவிலும் இரவு 10 மணியளவிலும் அது உயரும். அதிகாலை 4 மணியளவிலும் பிற்பகல் 4 மணியளவிலும் தாழும். வேறுபாடு சில மில்லிபார்களே ஆயினும், மேகமற்ற, காற்றற்ற நாளிலும் பேனை இந்த இரட்டை அலையை வரைந்தே தீரும். மூச்சுவிடும் மார்பைப்போல வானம் ஏறி இறங்குகின்றது. புவிநடுக்க உருளையிலும் இதே உண்மையைக் காணலாம். எங்கும் நடுக்கம் நிகழாத வேளையிலும், கடலலைகளின் மோதலால் நிலத்தில் இடையறாத நுண்ணதிர்வுகள் பரவுகின்றன. கடல் கொந்தளிக்கும் காலத்தில் அவை பெருகுகின்றன. ஆகவே, உண்மையான அமைதியை எழுதும் கோடு சற்றே நடுங்கிக்கொண்டிருக்கும். அளவுகோல் வைத்துக் கீறியதுபோன்ற நேர்கோடு ஒன்று உருளையிற் காணப்படின், உலகம் அமைதியாயிற்று என்று மகிழ்தல் பேதைமை. பேனை இறுகிவிட்டது அல்லது கருவி செத்துவிட்டது என்பதே அதன் பொருள்.

இவ்வாறு பார்க்குமிடத்து, கடதாசியிற் காணும் “ஒன்றுமில்லை” என்பது மூவகைப்படும். நடுங்கும் கோடு, பார்த்தோம், அமைதியே நிலவியது என்கின்றது. செத்த நேர்கோடு, பார்த்ததாகப் பொய் சொல்கின்றது. மை விழாத வெற்றிடம், பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்கின்றது. இம்மூன்றையும் வேறுபிரித்தறியும் கண்ணே அவதானியின் கண். ஏனையோருக்கு இவை யாவும் ஒன்றாகவே தோன்றும்.

வெற்றிடத்தின் மதிப்பை அப்பெரியவர் ஒரு கார்த்திகை மாதத்தில் நிலைநாட்டினார். வங்கக்கடலில் உருவான தாழமுக்கமொன்று கரையை நெருங்கிய இரவு அது. பேனை தன் வழமையான இரட்டை அலையை மறந்து கீழ்நோக்கி இறங்கியது. பெருமழை. நிலையத்தின் சுவர்களே வியர்த்தன. நள்ளிரவின்பின் மை ஈரத்தினாற் பெருகி ஒரு குமிழாகத் திரண்டு விழுந்தது. அதன்பின் வெறுமையாய்ப்போன முனை, கடதாசியைத் தொட்டும் எழுதாமல் ஊர்ந்தது. அவர் அதனைக் கண்டு கழுவி மீண்டும் மையிட்டபோது சில மணித்தியாலங்கள் கழிந்துவிட்டன. மீண்டும் தொடங்கிய கோடு மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. அமுக்கம் எந்த ஆழத்தைத் தொட்டு மீண்டது என்பது, அதாவது புயலின் நடு எத்துணை அண்மையாகக் கடந்தது என்பதற்கான சான்று, அந்த வெற்றிடத்துக்குள் வீழ்ந்துவிட்டது. இரசப் பாரமானியைக் கண்ணால் வாசித்துக் குறித்த எண்கள் மட்டும் இருபுறமும் இருந்தன.

சில நாட்களின்பின் அங்கு வந்த மேலாள் ஒருவர் அக்கடதாசியை நோக்கினார். இறங்குகோட்டின் நுனியையும் ஏறுகோட்டின் நுனியையும் கையால் இணைத்துவிட்டால் பதிவு முழுமையாகத் தோன்றும் என்பது அவர் கருத்து. தீய நோக்கத்தோடு அவர் கூறினாரல்லர். கோப்புகள் ஒழுங்காக இருத்தல் வேண்டும் என்னும் விருப்பமே அவரைப் பேசவைத்தது. அவதானி பணிவோடு மறுத்தார்.

“சேர், அந்த நேரம் பேனை எழுதேல்லை. பேனை எழுதேல்லை எண்டுதான் என்னாலை எழுதேலும்.”

அவ்வாறே எழுதினார். வெற்றிடம் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், காரணம், இடையில் வாசித்த பாரமானி எண்கள் ஆகிய நான்கையும் ஓரத்திற் குறித்து ஒப்பமிட்டார். அதற்காக அவர் பெற்ற பாராட்டு ஏதுமில்லை. ஆண்டிறுதியில் எழுதப்படும் மதிப்பீட்டில் அவரது கவனக்குறைவு ஒரு வரியாக இடம்பெற்றது. பேனையிட்ட குற்றத்தை அவர் சுமந்தார். ஆனால் வானத்தின்மேற் பொய் சுமத்தவில்லை. கையால் இணைத்த கோடு அழகாக இருந்திருக்கும். அதனைப் பின்னாளில் நோக்கும் ஆய்வாளன், அன்றிரவு புயல் சற்றுத் தொலைவிலேயே கடந்தது என்று முடிவுசெய்து, அம்முடிவின்மேல் அணைகளின் உயரத்தையும் வான்கதவுகளின் அகலத்தையும் கணித்திருக்கவும் கூடும். வெற்றிடம் எவரையும் ஏமாற்றுவதில்லை. இட்டு நிரப்பிய கோடோ நூறாண்டு கழிந்தும் ஏமாற்றும்.

வன்னி மண்ணில் இவ்வுண்மைக்குத் தனியான கனம் உண்டு. 1964 டிசம்பர் 22ஆந் திகதி இத்தீவின் வடபகுதியைக் கடந்து, மறுநாள் தனுஷ்கோடியை அழித்த பெரும்புயலும், 2020 டிசம்பர் 2ஆந் திகதி இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரைகடந்த புரெவிப் புயலும் வந்த வழி ஒன்றே. அடுத்த புயலை எதிர்கொள்ள வேண்டுமாயின் முந்திய புயல்களின் கோடுகள் வேண்டும். ஆனால், நீண்ட போர்க்காலத்திலே வன்னியின் பல இடங்களில் மழையை அளந்தவர்களும் குளத்து நீர்மட்டத்தைக் குறித்தவர்களும் ஊரோடு ஊராக இடம்பெயர்ந்தார்கள். ஏடுகள் சில எரிந்தன, சில நனைந்தன, சில கைவிடப்பட்டன. பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் காப்பாற்ற இயலாத மக்களால் மழைக்கணக்கை எங்ஙனம் காப்பாற்ற இயலும்? அக்காலத்துக்குரிய அட்டவணைகளிலே வெற்றுக் கட்டங்கள் காணப்படுகின்றன. அண்டை நிலையங்களின் எண்களைக்கொண்டு அவற்றை மதிப்பிடும் வழிகள் ஆய்வாளர்க்கு உண்டு. ஆனால் மதிப்பிட்டவை இவை எனக் குறித்துவைத்தல் அவர்தம் கடன். எண்ணில்லாத கட்டத்தைக் கண்டு மழையில்லை என்று எவரும் கூறார். அதுபோலவே, ஏடில்லாத ஆண்டுகளைக் கண்டு அங்கே ஒன்றும் நிகழவில்லை என்று கூறுதலும் ஆகாது.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். உருளைக்குப் பேனை பாதியாயின் கடிகாரம் மறுபாதி. நேரம் அறியாத கோடு வெறும் கிறுக்கலே. 1996 ஒக்ரோபர் முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கை அரசின் கடிகாரம் பழைய நேரத்திலும் அரைமணி முந்தி ஓடியது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னிப் பகுதிகளிலோ பழைய நேரமே வழங்கிற்று. ஆகவே 2004 டிசம்பர் 26ஆந் திகதி சுமாத்திராக் கடலடியில் நிலம் பிளந்தபோது கொழும்பில் காலை 6.58, முல்லைத்தீவில் 6.28. அன்று கரையில் நின்று உயிர்தப்பியவர்களின் வாய்மொழிகளைத் தொகுக்கும் எவரும் இந்த அரைமணியை மறந்தால் நிகழ்ச்சிகளின் ஒழுங்கே குலைந்துபோகும். பூமியின் முதலதிர்வு நான்கு நிமிடங்களுக்குள் இத்தீவைத் தொட்டது. பல்லேகலையில் 2000ஆம் ஆண்டு முதல் இயங்கிய இலக்கமுறைக் கருவியின் கீழும் அது கடந்து சென்றது. கடலலை முல்லைத்தீவை அடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்கள் ஆயின. இடைப்பட்ட அந்த நேரத்தில், பதிவை எச்சரிக்கையாக மாற்றிக் கரைக்குக் கொண்டுசெல்லும் ஒழுங்கு இந்துமாகடலின் எந்நாட்டிலும் இருக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் அக்கரையில் மடிந்தனர். எழுதுதல் மட்டும் போதாது. எழுதியதை வாசிக்க ஒரு கண்ணும், வாசித்ததைச் சொல்ல ஒரு வாயும் வேண்டும் என்பதை அந்நாள் கற்பித்தது.

இன்று மைப்பேனைகள் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன. எண்களாகப் பதியும் கருவிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. ஆயினும், கணினித் திரையில் ஒரு நாளின் அதிர்வுகளைக் காட்டும்போது, வரிக்குக்கீழ் வரியாக அந்தப் பழைய உருளைக் கடதாசியின் வடிவிலேயே இன்றும் காட்டுகின்றார்கள். 2022 ஜனவரி 15ஆந் திகதி தொங்கா எரிமலை வெடித்தபோது எழுந்த அமுக்க அலை உலகைச் சுற்றிவந்ததை இக்கருவிகள் பதிந்தன. அவ்வாறே 1883 ஆகஸ்டு 27ஆந் திகதி கிரக்கத்தோவா வெடித்தபோது எழுந்த அலை பலமுறை உலகைச் சுற்றியதை, அன்றைய பேனைகள் தூரத்து நகரங்களில் ஒரு சிறு அசைவாக எழுதிவைத்தன. இரண்டையும் இன்று ஒப்பிட்டு நோக்க முடிகின்றதெனின், 1883இல் பெயர் தெரியாத எவரோ சிலர் தத்தம் பேனையின் முனையைக் கழுவி மையிட்டிருந்தார்கள் என்பதே காரணம்.

புதிய கருவிகளுக்கும் பிணிகள் உண்டு. மை காயாது, ஆனால் மின்னிணைப்பு அறும். முனை அடைபடாது; ஆனால் நேரக்குறிப்பு வழுவும். உணர்கருவி இறுகிவிட்டால் திரையிலும் அதே செத்த நேர்கோடே தோன்றும். அதனை அமைதியென்று கொள்ளாமல் ஐயுறும் கண் இன்றும் வேண்டற்பாலதே. பழைய கடதாசிகளுக்கும் காவல் வேண்டும். அவற்றில் ஓடிய சாயமை வெளிச்சம் பட்டால் மங்கும் இயல்புடையது. வன்னியில் எஞ்சியுள்ள மழையேடுகளும் வரைகடதாசிகளும் எவ்வளவு சிலவாயினும், இருண்ட உலர்ந்த இடத்திற் பேணப்பட்டுப் படியெடுக்கப்படுதல் வேண்டும். ஓரங்களிலே கையெழுத்திற் காணும் குறிப்புகளைத் தேவையற்றவை என விலக்கிவிடாமல், அவற்றையும் சேர்த்தே படியெடுக்க வேண்டும். “பேனை எழுதவில்லை” என்று ஒப்பமிட்ட வரியொன்று அவற்றுள் இருக்குமாயின், அதன் இருபுறமும் உள்ள கோடுகளை ஐயமின்றி நம்பலாம் என்பதற்கு அதனிலும் சிறந்த சாட்சி வேறில்லை.